கை நீட்டி வாங்கிய அப்பம்

என் மனைவி ஆபரேஷனுக்குப் போகமாட்டேன் என்று இரண்டாம் முறையாகச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். முதல் முறை அதற்கு நாலு நாள் முன்னால். அன்று ஸ்ட்ரெச்சர் வார்டு வாசல் வரை வந்துவிட்டது. அவள் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல்களைப் பிரிக்க முடியவில்லை. நர்ஸ் திட்டினார், கெஞ்சினார், கடைசியில் ஸ்ட்ரெச்சரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்காக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. எடுக்காமல் வீட்டுக்குக் கூட்டிப் போனால் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "சனிக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி பேர் போட்டிருக்கேன். அன்னைக்கும் மாட்டேன்னா அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவேன். அதுக்கப்புறம் எப்பன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு அரிசி மில்லில் நெல் எடை போட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு படித்தவன். மூட்டையின் எடையைச் சத்தமாகச் சொல்வதைத் தவிர நாலு பேர் முன்னால் வாய் திறந்த பழக்கம் இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வருவேன். வீட்டுக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள்தான். பால்காரர் முதல் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் வரை யாரிடமும் அவளே பேசிக்கொள்வாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் அவள் வாய் அடைத்துப் போய், போர்வைக்குள் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் மாட்டேன் என்பதோடு ஒரு நிபந்தனையும் வைத்தாள்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு அக்கா இருந்தாங்கள்லா, அவுங்க வாயில ஒண்ணு வச்சாங்க பாருங்க. அது எனக்கு வேணும். அது இருந்தா நான் போவேன்."

பக்கத்துக் கட்டிலில் கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாள் இருந்தார். வேதக்காரர். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம். அவருக்கும் இதே ஆபரேஷன். புதன்கிழமை காலையில் ஒரு சாமியார் வெள்ளை அங்கியோடு வார்டுக்கு வந்து, சின்ன டப்பியைத் திறந்து, அப்பளம் போல மெல்லிசான வெள்ளை வட்டம் ஒன்றை எடுத்தார். தொண்டைக்குள் எதுவும் போகக் கூடாது என்று நர்ஸ் சொன்னதால் அதில் நகக்கண் அளவு கிள்ளி அந்த அம்மாளின் நாக்கில் வைத்தார். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் சந்தைக்குப் போகிறவர் மாதிரி ஸ்ட்ரெச்சரில் தானே ஏறிப் படுத்துக்கொண்டார். நல்லபடியாகத் திரும்பியும் வந்தார். மறுநாள் அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். என் மனைவி எல்லாவற்றையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அது வேதக்கோயில் பிரசாதம்லா" என்றேன்.

"ஆமா. அதுக்கென்ன? நம்ம ஊர்ல அவ்வோ திருவிழாவுக்கு நாம உப்பும் மெளகும் கொண்டு போடலையா? மெழுகுதிரி கொளுத்தலையா? பிரசாதம் கேட்டா இல்லன்னா சொல்லுவாங்க? நாளைக்கு சனிக்கெழம, மாதாவுக்குப் பெரிய பூசை இருக்கும்னு அந்த அக்கா சொன்னாங்க. போயி வாங்கிட்டு வாங்க."

அவள் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் துளசியோ பொங்கலோ கொடுத்தால் கை நீட்டி வாங்குவோம். கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு மீதியை இலையில் பொதிந்து வீட்டில் படுத்திருப்பவர்களுக்குக் கொண்டு போவோம். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அங்கேயே முழுதையும் தின்றுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறவனைத்தான் கேட்பார்கள்.

காலையில் எட்டரை மணிக்கே போய்விட்டேன். அந்த மாதா கோயில் மார்க்கெட் தெருவிலேயே இருந்தது. தெரு என்று சொன்னாலும் தரை தெரியாது. மதில் சுவரில் சாக்குப் படுதா கட்டி வெங்காயம் குவித்த உள்ளிக் கடை, வாழைத்தார்க் கடை, கருவாட்டுக் கடை. கோழிக்கூடுகள் வாசல் படி வரைக்கும் அடுக்கியிருந்தன. லோடு இறக்குகிறவர்கள் "ஒதுங்கு, ஒதுங்கு" என்று முதுகில் மூட்டையோடு இடித்துக்கொண்டு போனார்கள். அதற்கு நடுவில் அந்த முகப்பு எழும்பி நின்றது. உச்சியில் சுருட்டி விட்ட ஓலை மாதிரி இரண்டு பக்கமும் சுருள்கள். சங்கு, பூமாலை, கன்னம் உப்பிய குழந்தை முகங்கள், அவற்றின் கழுத்துக்குக் கீழே உடம்பே இல்லாமல் இறக்கை. சுண்ணாம்பு உரிந்த இடங்களில் மழைக்கறை. போர்ச்சுக்கீசியர் காலத்துக் கட்டடம் என்பார்கள். அந்த மாதிரி வேலைப்பாட்டுக்கு பரோக் என்று பெயர் என்பதைப் பல வருஷம் கழித்து என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

படியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். இரைச்சல் சட்டென்று குறைந்தது. உள்ளே எதுவும் நேராக இல்லை. பீடத்துத் தூண்கள் கயிறு திரித்தது போல முறுக்கிக்கொண்டு மேலே ஏறின. அவற்றில் திராட்சைக் கொடி, அதன் மேல் மங்கிப்போன பொன்பூச்சு. கூரையில் மேகம், மேகத்துக்குள் இன்னும் குழந்தை முகங்கள். அத்தனை முகமும் குனிந்து என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. வேறு நாளாக இருந்தால் வாய் பிளந்து பார்த்திருப்பேன். அன்று சுவரில் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்குள் வார்டுக்குப் போய்விட வேண்டும்.

ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் நின்றுகொண்டேன். மற்றவர்கள் உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். முழங்கால் போட்டால் போட்டேன், ஒரு நொடி தாமதமாக. யாரிடமாவது பக்குவமாகக் கேட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்பதற்கு மனதுக்குள் நாலைந்து தடவை வார்த்தையைக் கோத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பாட்டு ஆரம்பித்துவிட்டது. கேட்டால் ஊர், பேர், என்ன ஏது என்று வரும். வரிசையில் நின்றால் பேச வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

ஒன்பதே முக்கால் இருக்கும். ஜனங்கள் எழுந்து நடுவில் வரிசையாகப் போனார்கள். அந்த வெள்ளை வட்டத்தைத்தான் கொடுத்தார்கள். நானும் வரிசையில் சேர்ந்தேன். முன்னால் போகிற ஒவ்வொருவரும் வாயைத் திறந்தார்கள், சாமியார் நாக்கில் வைத்தார். வாயைத் திறந்தால் எனக்கல்லவா போய்விடும், அவளுக்கு எதைக் கொண்டு போவது? என் முறை வந்தது. வயதான சாமியார், தடித்த கண்ணாடி. ஏதோ சொன்னார். பதில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. "சாமி" என்று மட்டும் சொல்லி, இடது கைமேல் வலது கையை வைத்து, பெருமாள் கோயிலில் நீட்டுவது போல நீட்டினேன்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்து என்னைத் தேடிப் பார்த்தார். பின்னால் வரிசை நெருக்கியது. அப்புறம் என் உள்ளங்கையில் வைத்தார்.

அதற்கு எடையே இல்லை. தினமும் மூட்டை மூட்டையாக எடை பார்க்கிறவன் நான். கையில் ஒன்று இருக்கிறது என்பதே தெரியவில்லை. விரல்களை மூடிக்கொண்டு ஓரமாக நடந்தேன். ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று, துவைத்து மடித்துக் கொண்டு வந்திருந்த கைக்குட்டையை எடுத்து அதில் வைத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். நிமிர்ந்தபோது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் தடித்த ஆள் ஒருவர் மெழுகுதிரித் தட்டோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை அவர். அவர் முகம் மாறியது. தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை நோக்கி வந்தார்.

வேகமாக நடந்தேன். ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் திருடவில்லை, கொடுத்ததைத்தான் வாங்கினேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் திருடியவன் மாதிரியே என் கால்கள் நடந்தன. படியில் செருப்பைத் தேட நிற்கவில்லை. வெறுங்காலோடு மார்க்கெட்டுக்குள் இறங்கினேன்.

"ஏ... ஒம்மத்தாம்வே! நில்லும்!"

பின்னால் குரல் வந்தது. நான் திரும்பவில்லை. கோழிக்கூடுகளைச் சுற்றிக்கொண்டு வாழைத்தார்களுக்கு நடுவில் புகுந்தேன்.

"கோயில்லேருந்து எடுத்துட்டுப் போறாரு! அவரப் பிடிங்க!"

இந்தத் தடவை மார்க்கெட் முழுக்கக் கேட்டது. உள்ளிக் கடைக்காரர் தராசை விட்டுவிட்டு எழுந்து வழியை மறித்தார். லோடு மேன் ஒருவன் மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டு என் காலரைப் பிடித்தான்.

"என்னத்தவே தூக்கிட்டு ஓடுதேரு?"

நான் சட்டைப் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"பையில வச்சிருக்கான்லே!"

"மாதா சங்கிலியா இருக்கும்."

"உண்டியல ஒடச்சிருப்பான்வே."

"பாத்தா சாது கணக்கா இருக்கானே அண்ணாச்சி."

"சாது மூஞ்சி இருந்தாத்தானே கோயிலுக்குள்ள விடுவான்."

"எந்த ஊருவே? வாயத் தெறந்து சொல்லும்!"

ஊர் பெயர் தொண்டை வரை வந்தது. வெளியே வரவில்லை. எத்தனை கண்கள்! என் காது சூடாகிவிட்டது. ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. இன்னொரு கை, மஞ்சள்தூளும் மண்ணும் அப்பிய கை, பையை நோக்கி வந்தது. இது போய்விட்டால் அவள் போகமாட்டாள் என்று மட்டும் மண்டைக்குள் ஓடியது. நான் குனிந்து உடம்பைச் சுருட்டிக்கொண்டேன். முதுகில் ஒரு அடி விழுந்தது.

"தொடாதீங்க! யாரும் அவரத் தொடாதீங்க!"

கோயில்பிள்ளை மூச்சு வாங்க வந்து சேர்ந்திருந்தார். வந்தவர் என்னைப் பிடிக்கவில்லை. எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"நீருதானவே பிடிக்கச் சொன்னேரு?" என்றான் லோடு மேன்.

"சொன்னேன். இப்ப விடச் சொல்லுதேன். கைய எடுலே!"

"அப்படி என்னத்தவே வச்சிருக்கான்? பாம்பா?"

"அவரு பையில கை வைக்காதீங்க. ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். ஒருத்தரும் வைக்காதீங்க."

குரல் உடைந்துபோயிற்று. அவ்வளவு பெரிய ஆள் அழுகிற மாதிரி நின்றார். எனக்குப் பயம் குறையவில்லை, கூடியது. அடித்தால் அது என்ன என்று எனக்குத் தெரியும். இது என்ன என்று தெரியவில்லை.

கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள். அவள் கழுத்தில் செபமாலை கிடந்தது. "நன்மையா?" என்று கோயில்பிள்ளையிடம் கேட்டாள். பூசையில் கொடுக்கும் அப்பத்தை அவர்கள் நன்மை என்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவர் தலையை அசைத்தார். அவள் அரிவாளைக் கீழே போட்டாள். கையைச் சேலையில் துடைத்தாள், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள், செதிலும் தண்ணீருமாகக் கிடந்த தரையில் முழங்காலில் நின்றாள்.

எனக்கு முன்னால்! ஒரு எடை போடுகிறவனுக்கு முன்னால்!

அவளைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் முழங்கால் போட்டார்கள். மற்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமலேயே பின்னால் நகர்ந்தார்கள். உள்ளிக் கடைக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். காலரைப் பிடித்திருந்தவன், "மொதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்று முனகிக்கொண்டு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றான்.

"கைய எடுக்காதேரும். அப்படியே பொத்திக்கிட்டு வாரும். பையப் பைய நடந்து வாரும்" என்று கோயில்பிள்ளை என் காதுக்குள் சொன்னார். அவர் முன்னால் போனார். "வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். நான் நெஞ்சில் கைகளை வைத்துக்கொண்டு பின்னால் போனேன். வந்தபோது முப்பது நாற்பது அடி தூரம் என்று நினைத்தேன், திரும்பிப் போகும்போது முடியவே இல்லை. கோழிகள் மட்டும்தான் சத்தம் போட்டன.

பீடத்துக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. சாமியார் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னை ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தி, வெள்ளைத் துணி விரித்து, அதில் வைக்கச் சொன்னார்கள். கைக்குட்டையைப் பிரித்தேன். மூன்று துண்டாக உடைந்திருந்தது. நான் குனிந்தபோது உடைந்திருக்க வேண்டும். சாமியார் ஒவ்வொரு துண்டையும், துணுக்கையும், ஈர விரலால் தொட்டெடுத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார். கைக்குட்டையையும் அதே தண்ணீரில் உதறினார். ஒரு பொடி கூட மிஞ்சக் கூடாது என்று தேடினார். கடிகாரம் பத்தைத் தாண்டிவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டார். "எதுக்காகப்பா கொண்டு போனீங்க?"

சொன்னேன். கோர்வையாக வரவில்லை. கட்டி, ரத்தம், பக்கத்துக் கட்டில், நகக்கண் அளவு, பதினோரு மணி.

"தப்பு எம்மேலயும் இருக்கு" என்றார். "கை நீட்டுன ஆளை யாருன்னு நான் கேட்டிருக்கணும். கண்ணு சரியாத் தெரியல, பின்னால நெருக்குறாங்கன்னு வச்சிட்டேன்."

"சாமி, ஒரு துளி போதும். அவ அது இல்லாமப் போமாட்டா."

"இது பிரசாதம் இல்லப்பா. எங்களுக்கு இது ஆண்டவரேதான். ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்குத்தான் குடுக்க முடியும். இரக்கம் இல்லாமச் சொல்லல. என்னால முடியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் மறுபடி கேட்டிருப்பேனோ என்னவோ. அவர் அவ்வளவு வருத்தமாகச் சொன்னதால் கேட்க முடியவில்லை. என் மனைவியின் பெயரைக் கேட்டார், சொன்னேன். இங்கேயே முழங்கால் போட்டு வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். கோயில்பிள்ளையிடம், "வண்டியில கொண்டு விட்டுட்டு வாங்க, நேரமாச்சு" என்றார்.

கோயில்பிள்ளையின் மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

"இது பூசையில வைக்காதது. டின்ல இருந்தது. வெறும் கோதம்ப மாவு. பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். அவ்வோகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்."

"சாமியாருக்குத் தெரியுமா?"

"தெரியாது." மார்க்கெட் இருந்த திசையைப் பார்த்தார். "நான் கத்தியிருக்கக் கூடாதுவே. நடந்து வந்து கேட்டிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். ஒம்ம முதுகுல ஒருத்தன் அடிச்சான்லா, நான் பாத்தேன்."

பத்தே முக்கால். வார்டுக்கு ஓடினேன். அவரும் பின்னாலேயே வந்து, பெண்கள் வார்டு என்பதால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். அவளுக்குப் பச்சை உடுப்புப் போட்டு, தலைமுடியை இரண்டாகப் பின்னிவிட்டிருந்தார்கள். கை கட்டில் கம்பியின் மேல் இருந்தது.

"கெடச்சுதா?"

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதான், இதேதான்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இதானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். காலமெல்லாம் தலையாட்டியே வந்தவன் நான். ஆனால் காலையில் அந்தக் கிண்ணத்தில் சாமியார் ஒரு பொடியைத் தேடித் தேடி எடுத்ததைப் பார்த்த பிறகு தலை அசையவில்லை.

"இல்ல. இது வெறும் மாவு" என்றேன்.

அவள் கை கம்பியை இறுக்கிப் பிடித்தது. "அப்ப நான் போமாட்டேன். கூட்டிட்டுப் போங்க என்ன ஊருக்கு."

தாழ்வாரத்தின் கோடியில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். வரிசையில் நின்றதை, கை நீட்டியதை, செருப்பை விட்டுவிட்டு நடந்ததை. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசியதில்லை. காலரைப் பிடித்தார்கள் என்று சொன்னபோது அவள் தலை திரும்பியது.

"யாரு காலர?"

"என் காலரத்தான்."

"எதுக்கு?"

"களவாணின்னு நெனச்சு."

"ஒங்களயா?" முழங்கையை ஊன்றி எழுந்தாள். "பஸ்ல டிக்கெட் குடுக்க மறந்தா எறங்கி நின்னு கண்டக்டரத் தேடுத ஒங்களயா? அடிச்சானுவளா?"

"ஒண்ணே ஒண்ணு. முதுகுல."

"யாரு மொதல்ல கத்துனது?"

"இந்த மாவக் குடுத்தவருதான்" என்று கதவைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"ஏ அண்ணாச்சி! இங்கன வாரும்!"

கோயில்பிள்ளை தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். ஸ்ட்ரெச்சரும் அவருக்குப் பின்னாலேயே வந்துவிட்டது. வார்டில் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"இந்த மனுசன் மொகத்தப் பாரும். களவாங்குத மொகமா இது?"

"இல்ல தாயி."

"பின்ன என்னத்துக்குக் கத்துனேரு? கிட்ட வந்து, என்னய்யா வேணும்னு கேக்கதுக்கு வாய் வலிக்குதோ? அவரு பேச மாட்டாரு, சரி. ஒமக்கென்ன வாயில்லையா? மார்க்கெட்டக் கூட்டுத வாயி இருக்குல்லா?"

"தப்புத்தான் தாயி."

"தப்பும் பண்ணிட்டு மாவக் குடுத்து ஏமாத்தவும் விட்டேராக்கும்!"

"ஏம்மா, நீ வாறியா இல்லையா?" என்றார் நர்ஸ்.

"வாரேன், இரும்மா. பேசிட்டிருக்கேன்லா." அவளைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள். கம்பியை எப்போது விட்டாள் என்று நான் கவனிக்கவில்லை, அவளும் கவனித்த மாதிரி தெரியவில்லை. படுத்தபடியே கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டு போனாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நடந்தோம்.

"இவரு தனியா ஒக்காந்திருப்பாரு. டாக்டர் வந்து ஒண்ணு கேட்டா பதில் சொல்ல மாட்டாரு. நான் வெளிய வர்ற வரைக்கும் நீரு கூட இருக்கணும். கேக்குதா?"

"இருக்கேன் தாயி."

"போயிட்டேருன்னா, எந்திரிச்சு ஒம்ம கோயிலுக்கே வந்துருவேன்."

கதவு மூடியது. அதற்குப் பிறகும் உள்ளே அவள் குரல் கொஞ்ச தூரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தோம். தைரியமாக இரு என்று நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது, ரத்தம் குறைவு, மயக்கம் தாங்குமா பார்க்க வேண்டும். கோயில்பிள்ளை செபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "மதியம் பன்னெண்டுக்கு நான் மணி அடிக்கணும்" என்றார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் காட்டியது. நான் போய்விட்டு வாருங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் எழுந்தார், தியேட்டர் கதவைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"இன்னைக்கு சாமியே அடிச்சுக்கிடட்டும்."

ஒரு மணி ஆயிற்று. ஒரு நர்ஸ் ஓட்டமும் நடையுமாக வெளியே வந்து ரத்த பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். யாருக்கு என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள் கதவு மூடிவிட்டது. கோயில்பிள்ளை என் முழங்கால் மேல் கை வைத்தார். ஒன்றரை. இரண்டு.

இரண்டே கால் இருக்கும்போது டாக்டரம்மா வந்தார். கட்டியை எடுத்தாயிற்று, நிறைய ரத்தம் போயிற்று, இப்போது பரவாயில்லை, மயக்கம் தெளியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டதெல்லாம் கோயில்பிள்ளைதான். எத்தனை நாள் இருக்கணும், தண்ணி எப்பக் குடுக்கலாம் என்று அவர்தான் விவரமாகக் கேட்டுக்கொண்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்னும் அரை மணி நேரம் போயிருக்கும். காலையில் ஸ்ட்ரெச்சரோடு வந்த நர்ஸ் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார்.

"கண்ணு முழிச்சாச்சு. 'அந்த வேதக்கோயில்காரரு இருக்காரா, போயிட்டாரா'ன்னு கேக்காங்க. யாரு அது?"

கோயில்பிள்ளை எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"இருக்கேன்னு சொல்லுங்கம்மா" என்றார்.